ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்து ஜனநாயகம் வந்ததுண்டா?

வாசகர் கேள்வி:

"ஓட்டுப் போட்டு இறக்க முடியாத சர்வாதிகாரியை யார்தான் இறக்குவது? ஊர்வலம் போனால் சுடுகிறான், எழுதினால் உள்ளே போடுகிறான். துப்பாக்கி வைத்திருப்பவன் மனம் மாறினால்தான் உண்டு. 1974-ல் போர்ச்சுகலில் அதுதான் நடந்தது. ராணுவப் புரட்சி என்றாலே ஜனநாயக விரோதம் என்று எத்தனை நாளைக்கு ஒப்பித்துக்கொண்டிருப்போம்?"

ஜூன் 3, காலை

போர்ச்சுகலை எடுத்துக்கொண்டீர்கள், நல்லது. உங்கள் பக்கத்துக்கு அதைவிட வலுவான சாட்சி கிடையாது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஓட்டுப் போட்டு இறக்க முடியாது என்று நீங்கள் சொல்வது அந்த நாட்டுக்கு அப்படியே பொருந்தும். 1932-ல் பிரதமரான சலசார், 1968-ல் உடம்பு முடியாமல் போகும்வரை நாற்காலியை விடவில்லை. பிறகு வந்த கயத்தானோவும் அதே ஆட்சியைத்தான் தொடர்ந்தார். நடுவில் 1958-ல் உம்பெர்த்து டெல்காடு என்ற ஜெனரல் ஜனாதிபதி தேர்தலில் எதிர்த்து நின்றார். ஜெயித்தால் சலசாரை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, பதவியிலிருந்து நீக்குவேன், இதிலென்ன சந்தேகம் என்று பளிச்சென்று சொன்னார். போன இடமெல்லாம் கூட்டம் அலைமோதியது. கடைசியில் தோற்றுவிட்டதாக அறிவித்தார்கள். அதோடு விடவில்லை. மக்கள் நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் முறையையே எடுத்துவிட்டார்கள். 1965-ல் டெல்காடுவை ஸ்பெயின் எல்லைப் பக்கம் வரவழைத்து ரகசியப் போலீஸ் கொன்றது. இதற்குப் பிறகும் அந்த மக்களிடம் "அடுத்த தேர்தல் வரட்டும்" என்று சொல்ல யாருக்கும் வாய் வந்திருக்காது.

ஆகவே 1974 ஏப்ரல் 25 அன்று டாங்கிகள் லிஸ்பன் தெருவுக்கு வந்தது தப்பு என்று நான் வாதாடப்போவதில்லை. அன்றைக்கு ஒரு சர்வாதிகாரம் போனது. ஜனநாயகம் அன்றைக்கே வந்துவிட்டதாகச் சொல்லும்போதுதான் எனக்குத் தகராறு. ஒன்று போய் மற்றது வராமல் நடுவிலேயே பத்து வருஷம், முப்பது வருஷம் கிடந்த நாடுகள் நிறைய.

ஜூன் 3, இரவு

"அந்தக் கேப்டன்கள் கொள்கை வீரர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பின்னால் அப்படி ஆனவர்கள் உண்டு. ஆரம்பத்தில் அது சர்வீஸ் தகராறு.

1973 ஜூலையில் அரசு ஓர் ஆணை போட்டது. கட்டாய சேவைக்கு வந்த தற்காலிக அதிகாரிகள் குறுகிய காலப் பயிற்சி முடித்தால் நிரந்தரப் பணிக்கு வரலாம், பழைய சேவையும் கணக்கில் சேரும் என்றது அந்த ஆணை. ராணுவ அகாடமியில் படித்து வந்து, போர்ச்சுகலின் ஆப்பிரிக்கக் காலனிகளான அங்கோலா, கினி-பிசாவ், மொசாம்பிக் என்று மாற்றி மாற்றிப் போர்முனைக்குப் போய்வந்த கேப்டன்களுக்குச் சீனியாரிட்டி அடிபட்டது. செப்டம்பரில் அல்காசோவாஷ் பக்கம் ஒரு பண்ணையில் நூறு பேருக்கு மேல் கூடினார்கள். கூடியது பதவி உயர்வு பற்றிப் பேச. அரசு அந்த ஆணையில் பின்வாங்கிய பிறகும் அவர்கள் கலையவில்லை. அதற்குள் பேச்சு போரைப் பற்றித் திரும்பியிருந்தது. இந்தப் போரை ஜெயிக்க முடியாது, முடிக்க இந்த அரசுக்கு மனமும் இல்லை, அப்படியானால் அரசைத்தான் முடிக்க வேண்டும் என்று படிப்படியாக வந்து சேர்ந்தார்கள்.

அரசு வேலையில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இது ஆச்சரியமே இல்லை. எங்கள் அலுவலகத்தில் சீனியாரிட்டி பட்டியலுக்காகக் கூடிய சங்கம்தான் பிறகு ஒப்பந்த ஊழியர்களுக்காகவும் நின்றது. சொந்தக் குறைக்காகக் கூடினாலும் கூடின இடத்தில் மற்றதும் பேச வரும். நோக்கம் தூய்மையாக இருந்ததா என்று ஆராய்வதில் பெரிய பயனில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். எல்லாக் கவிழ்ப்பிலும் முதல்நாள் அறிக்கை தூய்மையாகத்தான் இருக்கும்.

ஜூன் 4

கார்னேஷன் புரட்சி என்று பேர் வரக் காரணமான பூக்கதை உண்மையா என்று கேட்டவருக்கு: உண்மைதான். செலஸ்ட் கயேரு என்ற பெண் லிஸ்பனில் ஒரு சாப்பாட்டு ஹோட்டலில் வேலை பார்த்தார். அன்றைக்கு அந்த ஹோட்டல் திறந்து ஒரு வருஷம் நிறைகிறது என்று வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கக் கார்னேஷன் பூ வாங்கி வைத்திருந்தார்கள். தெருவில் ராணுவம் நிற்கிறது என்றதும் ஹோட்டலைத் திறக்கவில்லை. வாடுவானேன் என்று பூவை வேலைக்காரர்களையே எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். வழியில் ஒரு சிப்பாய் இவரிடம் சிகரெட் கேட்டான். இவரிடம் இல்லை. கையில் இருந்தது பூ, அதைக் கொடுத்தார். அவன் துப்பாக்கிக் குழாயில் செருகிக்கொண்டான். பிறகு அடுத்தவனுக்கு, அதற்கடுத்தவனுக்கு என்று கட்டு காலியானது. அந்த அம்மாள் 2024 நவம்பரில்தான் காலமானார்.

ஆனால் "ஒரு சொட்டு ரத்தம் சிந்தாத புரட்சி" என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறீர்களே, அது சரியில்லை. ரகசியப் போலீஸ் தலைமையகத்துக்கு முன்னால் கூடிய ஜனங்கள் மேல் உள்ளே இருந்தவர்கள் சுட்டார்கள். நாலு பேர் செத்தார்கள். அவர்களையும் சேர்த்தே பேசுவோம்.

என் மனதில் நிற்பது அன்று காலை ஆற்றங்கரைத் தெருவில் நடந்ததுதான். சல்கேரு மாயா, 29 வயது கேப்டன். சாந்தரெம் ஊர்க் குதிரைப்படைப் பள்ளியில் நள்ளிரவில் சிப்பாய்களை எழுப்பி, வர விருப்பமுள்ளவர்கள் வெளியே அணிவகுக்கலாம், விருப்பமில்லாதவர்கள் இங்கேயே இருந்துகொள்ளலாம் என்று சொல்லி லிஸ்பனுக்குக் கூட்டி வந்தவர். அரசுப் பக்கத்திலிருந்து ஒரு பிரிகேடியர் கனரக டாங்கிகளோடு எதிரே வந்து நின்றார். மாயா கையில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு, சட்டைப்பையில் ஒரு கையெறி குண்டோடு, நடுத்தெருவில் பேசப் போனார். சுடு என்றார் பிரிகேடியர். டாங்கிக்குள் இருந்த கார்ப்பரல் சுடவில்லை. ஆற்றில் நின்ற போர்க்கப்பலுக்கும் சுடச் சொல்லி உத்தரவு போனது. கப்பலும் சுடவில்லை.

சுட்டிருந்தால் நாம் இன்று இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். ஆட்சி கவிழ்ந்தது மேலதிகாரியின் உத்தரவுக்குக் கீழே இருந்தவர்கள் பணியாததால். அப்படிப் பணியாமல் இருக்கக் கற்றுக்கொண்ட ராணுவத்தை அதன் பிறகு எந்தத் தளபதியாலும் முழுசாகத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. இது எவ்வளவு முக்கியம் என்பது அடுத்த வருஷம் தெரிந்தது.

ஜூன் 6

அடுத்த வருஷத்துக்கு வருகிறேன். என் வாதமே இங்கேதான் இருக்கிறது.

கேப்டன்கள் ஆட்சியைப் பிடித்தபோது வெளியிட்ட திட்டத்தில் ஒரு வரி இருந்தது: பன்னிரண்டு மாதத்துக்குள் அரசியல் நிர்ணய சபைக்கு எல்லோரும் ஓட்டுப் போடும், நேரடியான, ரகசியத் தேர்தல். "நிலைமை சீரானதும்" என்று எழுதவில்லை. கெடு எழுதினார்கள். அந்தக் கெடுவைக் காப்பாற்ற எவ்வளவு பாடு என்றால், 1975 மார்ச்சில், புரட்சிக்குப் பின் முதல் ஜனாதிபதியாக இருந்து விலகிய ஜெனரல் ஸ்பினோலாவின் ஆட்கள் ஒரு கவிழ்ப்புக்கு முயன்று தோற்றார்கள், அதைச் சாக்காக வைத்து ராணுவத்துக்குள் இருந்த தீவிர இடதுசாரிகள் கை ஓங்கியது, வங்கிகள் அரசுடைமை ஆயின. தேர்தலைத் தள்ளிப்போட வேண்டும் என்ற பேச்சு பலமாகவே இருந்தது. இன்னொரு நாட்டில் இதில் பாதி நடந்திருந்தாலே தேர்தலை மறந்திருப்பார்கள்.

தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு, ஏப்ரல் 11 அன்று, கட்சிகளை உட்கார வைத்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். யார் ஜெயித்தாலும் ராணுவத்தின் புரட்சிக் கவுன்சில் சில வருஷங்களுக்கு மேலே இருக்கும் என்பது ஒப்பந்தம். அதோடு ராணுவத்தின் ஒரு பகுதி ஊர் ஊராகப் போய்ப் பிரச்சாரம் செய்தது: எந்தக் கட்சியையும் பற்றித் தெளிவில்லாதவர்கள் சீட்டை வெறுமையாகப் போடுங்கள். வெறும் சீட்டு குவிந்தால் கட்சிகளை மக்கள் நம்பவில்லை, எங்களைத்தான் நம்புகிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா.

ஏப்ரல் 25, 1975. நூற்றுக்கு 91 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். வெறும் சீட்டும் செல்லாத சீட்டும் சேர்ந்தே ஏழு சதவீதம் போலத்தான். மாரியோ சோரெஸின் சோஷலிஸ்ட் கட்சி 38 சதவீதம் வாங்கியது. மக்கள் ஜனநாயகக் கட்சிக்கு 26. தீவிர அதிகாரிகளுக்கு நெருக்கமான கம்யூனிஸ்ட் கட்சிக்குப் பன்னிரண்டரை.

தன்னை விடுவித்த ராணுவம் கேட்டதை அந்த ஜனம் கொடுக்கவில்லை. பூ கொடுத்தார்கள், வெறும் சீட்டைக் கொடுக்கவில்லை. ராணுவமும் அந்த எண்ணிக்கையைத் திருத்தவில்லை. ஜனநாயகத்துக்கு உதவிய நாள் எது என்று என்னைக் கேட்டால் 1975-ன் ஏப்ரல் 25-ஐத்தான் சொல்வேன்.

ஜூன் 7

"அப்படியென்றால், தோல்வியை ஏற்றுக்கொள்ளும் ராணுவம் நல்ல ராணுவம், அவ்வளவுதானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் என்றால் பர்மா இன்று சொர்க்கமாக இருந்திருக்க வேண்டும்.

இது எங்கள் வீட்டுக் கதையும்கூட, கொஞ்சம் நீளும்.

என் அப்பாவைப் பெற்ற ஐயா ரங்கூனில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஊர் சிவகங்கைப் பக்கம். 1958-ல் பிரதமர் ஊ நூவின் ஆளுங்கட்சி இரண்டாக உடைந்து, ஆட்சி ஆட்டம் கண்டது. ஊ நூ தானே ராணுவத் தளபதி ஜெனரல் நே வின்னைக் கூப்பிட்டு, தேர்தல் நடத்தும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒப்படைத்தார். பாராளுமன்றமும் சம்மதித்தது. பேரே காபந்து அரசு.

ஐயாவுக்கு அந்தக் காலம் ரொம்பப் பிடிக்கும். சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தெருக்குப்பையை அள்ளினார்கள், விலைப்பட்டியல் எழுதித் தொங்கவிட்டார்கள், ரவுடிகளைப் பிடித்து உள்ளே போட்டார்கள், நகரத்துக்குள் குடிசை போட்டிருந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக அள்ளிக்கொண்டு போய் ஒக்கலாப்பா, தாக்கெட்டா என்று புதுப் புறநகர்களில் விட்டார்கள். "மிலிட்டரிக்காரன் கை வைத்தால் ஒரே வாரம்" என்பார். அள்ளிக்கொண்டு போனவர்களைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

1960 பிப்ரவரியில் சொன்னபடி தேர்தல் நடந்தது. ராணுவத்துக்குப் பிடித்த அணி தோற்றது, ஊ நூ ஜெயித்தார். நே வின் ஆட்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். உலகமே பாராட்டியது. நீங்கள் கேட்ட "நல்ல ராணுவம்" இதுதான்.

1962 மார்ச் 2 அதிகாலை அதே நே வின் திரும்ப வந்தார். இந்த முறை யாரும் கூப்பிடவில்லை. ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சுட்டார்கள், மறுநாள் விடியும்போது மாணவர் சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

1964 மார்ச்சில் கடைகள் தேசியமயம். ஐயா கடைக்கு ஒரு அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும் வந்தார்கள். அப்பாவுக்கு அப்போது பத்து வயதிருக்கும், கூடவே நின்றிருக்கிறார். யாரும் கத்தவில்லை, அடிக்கவில்லை. தராசு ஒன்று, எடைக்கல் இத்தனை, கடலை எண்ணெய் டின் இத்தனை, அரிசி மூட்டை இத்தனை என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஒரு சிப்பாய் எழுதினான். கல்லாப்பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். பேரேட்டை வாங்கிக்கொண்டார்கள். ஐயா பட்டியலில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தார். பிறகு கடை வாசலில் மக்கள் கடை என்று நம்பர் போட்ட பலகை ஏறியது. மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது என்று வந்தது. கடைக்கு வெளியே வைத்திருந்த கொஞ்ச நஞ்சமும் போயிற்று. அப்பத்தா காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். சென்னையில் இறங்கிய லட்சக்கணக்கானவர்களில் இவர்களும் ஒரு குடும்பம். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் எப்படி வந்தது என்று தெரியாதவர்களுக்கு, இப்படித்தான் வந்தது.

சரி, 1960-ல் கொடுத்துவிட்டுப் போனவர் 1962-ல் ஏன் வந்தார்? ஷான் மாநிலத்தவர் கேட்ட கூட்டாட்சி ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. சிப்பாய்களுக்குச் சலுகை விலையில் சாமான் விற்க 1951-ல் ராணுவம் ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தது. கேன்டீன் மாதிரிதான். காபந்து ஆட்சி நடந்த அந்த ஒன்றரை வருஷத்தில் அது வங்கி, கப்பல், இறக்குமதி, கட்டுமானம் என்று பரவி, நாட்டிலேயே பெரிய வியாபாரி ஆகிவிட்டது. ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நாட்டை நடத்த நமக்குத் தெரியும், நம்மை விட்டால் ஆள் இல்லை என்ற எண்ணமும் கூடவே தங்கிவிட்டது.

ஆகவே முந்தின குறிப்போடு ஒன்று சேர்க்க வேண்டும். ஒரு தேர்தலில் தோற்றதை ஏற்றால் போதாது. பாசறைக்குத் திரும்பும்போது கையில் என்ன எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஜூன் 9

ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு வந்த துருக்கியின் 1961 அரசியல் சட்டத்தைப் படித்துப் பார் என்று சவால் விட்டவருக்கு: நல்ல சட்டம்தான். அரசியல் சட்ட நீதிமன்றம் அதில்தான் வந்தது. வேலைநிறுத்த உரிமை, பல்கலைக்கழகத் தன்னாட்சி எல்லாம் இருந்தது. அதற்கு முந்தைய பிரதமர் மெண்டரெஸின் ஆட்சி 1950-லிருந்து மூன்று தேர்தலில் ஜெயித்த ஆட்சி, ஆனால் 1960 ஏப்ரலில் எதிர்க்கட்சியையும் பத்திரிகைகளையும் விசாரிக்கத் தன் கட்சி எம்.பி.க்களையே வைத்து ஒரு கமிஷன் போட்ட ஆட்சியும்கூட. மாணவர்கள் சுடப்பட்டார்கள். மே 27 அன்று ராணுவம் வந்தபோது அங்காராவில் பலர் சந்தோஷப்பட்டார்கள். இதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பிரதமரைத் தீவில் வைத்து விசாரித்து, 1961 செப்டம்பர் 17 அன்று தூக்கில் போட்டார்கள். முந்தின நாள் அவருடைய இரண்டு மந்திரிகளை. சட்டம் மக்கள் வாக்கெடுப்பில் பாஸாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதே சட்டத்தில் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் என்று ஒன்றை வைத்து, தளபதிகளுக்கு மந்திரிகளோடு நிரந்தரமாக ஓர் இருக்கை போட்டுக்கொண்டார்கள். அதே வருஷம் ராணுவத்தினர் சேமநிதி என்று ஆரம்பித்தது பின்னால் கார் தொழிற்சாலைவரை போனது. பர்மாக் கேன்டீனை ஞாபகம் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

பிறகு 1971-ல் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தாலேயே அரசைக் கீழே இறக்கினார்கள். நீங்கள் புகழும் அந்தச் சட்டத்தின் நல்ல பிரிவுகளைத் தளர்வாக இருக்கிறது என்று சொல்லி வெட்டியது அப்போதுதான். 1980 செப்டம்பரில் ராணுவத் தளபதி கெனான் எவ்ரன் வந்து மிச்சத்தையும் தூக்கிப்போட்டுவிட்டு வேறு சட்டம் எழுதினார். ராணுவம் கொடுத்த உரிமையை ராணுவமே எடுத்துக்கொண்டது. மூன்று முறை ஓட்டு வாங்கியவரைத் தூக்கில் போட்ட பிறகு அந்த நாட்டில் பிரதமராக வந்த ஒவ்வொருவரும் முகாம் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டேதான் ஆண்டிருப்பார்கள்.

ஜூன் 9, மாலை

எகிப்து 2013 பற்றிச் சுருக்கமாக. ஜனாதிபதி முர்சிக்கு எதிராகக் கூட்டம் இருந்தது, மறுக்கவில்லை. லட்சக்கணக்கில் கெய்ரோ தெருவில் நின்றார்கள். முர்சியின் ஆட்சி மோசமாகத்தான் நடந்தது. ஜூலை 3 அன்று ராணுவத் தளபதி சிசி அவரை இறக்கினார். ஆகஸ்ட் 14 அன்று ராபியா சதுக்கத்தில் உட்கார்ந்திருந்த முர்சி ஆதரவாளர்களைக் கலைக்கிறோம் என்று ஒரே நாளில் கொன்றவர்களின் எண்ணிக்கை குறைந்தது 817 என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்கிட்டது. அடுத்த வருஷம் சிசிக்குக் கிடைத்த ஓட்டு 96 சதவீதத்துக்கு மேல். அங்கே ராணுவம் மாக்ரோனியும் பாட்டில் தண்ணீரும் சிமென்டும் விற்கிறது.

கூட்டத்தை வைத்துக் கவிழ்ப்பை நியாயப்படுத்தாதீர்கள் என்பதற்கு எனக்கு இதைவிட எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. கூட்டம் அன்றைக்கு வந்துவிட்டுப் போகும். அடுத்த நாள் அதே கூட்டம் எதிர்த்துக் கூட முடிகிறதா என்று பாருங்கள்.

ஜூன் 12

போர்ச்சுகலை நான் ரொம்பத் தூக்கிப் பேசிவிட்டதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அங்கோலாக்காரரைக் கேட்டுப் பார் என்கிறார். நியாயமான பேச்சு. லிஸ்பனில் அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்த அந்த ஒன்றரை வருஷத்தில் காலனிகளை விட்டு வெளியேறினார்கள். வெளியேற வேண்டியதுதான், அதற்காகத்தான் புரட்சியே. ஆனால் அங்கோலாவில் மூன்று இயக்கங்கள் துப்பாக்கியோடு நிற்கும்போது 1975 நவம்பரில் கொடியை இறக்கிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார்கள். உள்நாட்டுப் போர் 2002 வரை போனது. கிழக்குத் திமோரில் டிசம்பர் 7 அன்று இந்தோனேஷியா நுழைந்தது, இருபத்துநாலு வருஷம் உட்கார்ந்தது. லிஸ்பனின் ஜனநாயகத்துக்கான செலவில் ஒரு பெரும் பங்கு வேறு மக்கள் தலையில் விழுந்தது. இதை எழுதாமல் பூவை மட்டும் எழுதுவது அநியாயம்.

உள்நாட்டிலும் நூலிழைதான். 1975 கோடையில் வடக்கே கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகங்களைக் கொளுத்தினார்கள். நவம்பரில் கட்டடத் தொழிலாளர்கள் அரசியல் நிர்ணய சபையைச் சுற்றி வளைத்து, உறுப்பினர்களை வெளியே விடாமல் நிறுத்தினார்கள். அரசாங்கமே வேலை செய்ய மாட்டேன் என்று ஸ்ட்ரைக் அறிவித்தது. நவம்பர் 25 அன்று பாராசூட் படையினர் விமானத் தளங்களைப் பிடித்தார்கள். ரமால்யு எயானஸ் தலைமையில் மிதவாத அதிகாரிகள் அடக்கினார்கள். எந்தத் தரப்பு ஜெயித்தாலும் அடுத்த சர்வாதிகாரி அன்றைக்கே வந்திருக்கலாம்.

வராததற்கு எனக்குத் தெரிந்த காரணம், சபை என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த சபை. தெருவில் ராணுவம் அடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே அவர்கள் பிரிவு பிரிவாகச் சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்த அதிகாரிகளுக்கு, அதிகாரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இருந்தது. 1976 ஏப்ரல் 2 அன்று சட்டம் நிறைவேறியது. புரட்சிக் கவுன்சில் அதற்குப் பிறகும் இருந்தது என்பதை யாரும் இங்கே சொல்லவில்லை. பாராளுமன்றம் போடும் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரத்தோடு இருந்தது. 1982-ல் சட்டத் திருத்தம் செய்துதான் அதைக் கலைத்தார்கள். எட்டு வருஷம்! அந்த எட்டு வருஷமும் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்கள். வங்கிகளும் அரசின் பெயருக்குப் போயிருந்தனவே தவிர ராணுவத்தின் பெயருக்குப் போகவில்லை, அதனால் கவுன்சில் கலைந்தபோது கையில் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 13

யாழ்ப்பாணத்து நண்பர் 1962 இலங்கையை ஞாபகப்படுத்தியிருக்கிறார். தோற்ற கவிழ்ப்பும் கேடு செய்யும் என்பதற்கு அது சரியான உதாரணம். ஜனவரி 27 இரவுக்குத் திட்டமிட்டிருந்தார்கள், அன்றைக்கே வெளியே தெரிந்துவிட்டது. சிறிமாவோ அரசிடமிருந்து நாட்டைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்த அதிகாரிகள் அவர்கள். பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், சிங்களவர், தமிழர், பறங்கியர் எல்லோரும் இருந்தார்கள். அவர்களைத் தண்டிக்கவென்றே அரசு பின்தேதியிட்டு ஒரு சட்டம் போட்டது. அப்போது இலங்கைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அந்தச் சட்டமே செல்லாது, நீதிமன்றத்தின் வேலையில் சட்டமன்றம் கை வைத்திருக்கிறது என்று விடுவித்தது. ஆனால் அதற்குள் ராணுவத்தில் யாரை நம்புவது என்ற கேள்விக்கு இனமும் மதமும் விடையாகிவிட்டது. ஆள் எடுப்பு சிங்கள பௌத்தர் பக்கம் சாய்ந்தது. பிற்பாடு யார் தலையில் விடிந்தது என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 15

"சலசார் மாதிரி ஒருத்தன் கீழே நீ கேப்டனாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டிருக்கிறார், கேள்வியை ஆரம்பித்தவர். மாயாவோடு போவேன். யோசிக்காமல் சொல்கிறேன். ஓட்டுப் பெட்டி திறந்திருக்கும் நாட்டில், எவ்வளவு கேடுகெட்ட அரசாக இருந்தாலும், போக மாட்டேன். கமிஷன் போட்ட மெண்டரெஸும் சரி, முர்சியும் சரி, அடுத்த தேர்தலில் தோற்க வாய்ப்பிருந்தவர்கள். அந்த வாய்ப்பைப் பிடுங்கியது ராணுவம்.

போவதற்கு முன்னால் தேதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பேன். நமக்குள் யார் யார் தேர்தலில் நிற்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்று கேட்பேன். மாயாவிடம் எனக்கு இன்னும் மதிப்பு கூடுவது அதற்குப் பிறகுதான். பிரதமர் கயத்தானோ ஒளிந்திருந்த முகாமைச் சுற்றி வளைத்து, சரணடைய வைத்து, பத்திரமாக வெளியே அனுப்பிவிட்டு, தன் ஆட்களோடு சாந்தரெமுக்குத் திரும்பிப் போனார். மந்திரி பதவி, கவர்னர் பதவி என்று எதற்கும் போகவில்லை. 1992-ல் இறந்தார், 47 வயது.

ஜூன் 19

மாலி விட்டுப்போயிற்று என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். விடவில்லை, கடைசியாக வைத்திருந்தேன், அது எனக்கு இன்னும் தீரவில்லை.

1968-லிருந்து மூசா திராவோரேயின் ராணுவ ஆட்சி. 1991 மார்ச்சில் பமாக்கோவில் மாணவர்களும் தாய்மார்களும் தெருவுக்கு வந்தார்கள், சுட்டுத் தள்ளினார்கள். மார்ச் 26 அன்று அமாது துமானி தூரே என்ற லெப்டினன்ட் கர்னல் திராவோரேயைக் கைது செய்தார். உடனே தேசிய மாநாடு கூட்டினார். 1992-ல் தேர்தல் நடத்தினார், அவர் நிற்கவில்லை, ஆல்ஃபா உமர் கொனாரே ஜெயித்தார், ஒப்படைத்துவிட்டுப் போனார். நான் மேலே கேட்டதெல்லாம் செய்தவர். பத்து வருஷம் கழித்து, 2002-ல், சாதாரண வேட்பாளராக நின்று ஓட்டு வாங்கி ஜனாதிபதி ஆனார். ஆப்பிரிக்காவுக்கே முன்மாதிரி என்றார்கள்.

2012 மார்ச்சில் வடக்கே துவாரெக் இனத்தவரின் கிளர்ச்சியை அரசு சரியாகக் கையாளவில்லை என்று சொல்லி, அமாது சனோகோ என்ற கேப்டன் அவரைக் கவிழ்த்தார். ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு மாதம் போலத்தான் இருந்தது. இரண்டு தவணை முடிந்துவிட்டதால் தூரே அதில் நிற்கவும் இல்லை. குழப்பத்தில் சில வாரங்களுக்குள் வடக்கு மாலி முழுவதும் கைவிட்டுப் போனது. 2020-ல் இன்னொரு கவிழ்ப்பு, 2021-ல் மறுபடியும்.

இதற்கு என்னிடம் பாதி விளக்கம்தான் இருக்கிறது. தூரே நல்லவர், ஆனால் 1991-ல் ராணுவத்தைப் பாசறைக்குத் திருப்பியது அவருடைய நல்ல குணம். அவரைத் தாண்டி, ராணுவத்தைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு எதுவும் அந்த இருபது வருஷத்தில் வேர் பிடிக்கவில்லை. போர்ச்சுகலில் எயானஸ் ஜனாதிபதியாக உட்கார்ந்திருக்கும்போதே அதிகாரிகளின் கவுன்சிலைக் கட்சிகள் சேர்ந்து சட்டத்தால் கலைக்க முடிந்தது. மாலியில் அதைச் செய்யும் அளவுக்குக் கட்சிகள் ஏன் வளரவில்லை, வறுமை மட்டும்தான் காரணமா, அதைப் பற்றி அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். முக்கியமாக, 1992-க்கும் 2012-க்கும் இடையில் அங்கே ராணுவத்துக்கு ஆள் எடுப்பதும் பதவி உயர்வும் யார் கையில் இருந்தது என்று தெரிய வேண்டும்.